என்.பி. படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: டாக்டரிடமா, கூட வேலை பார்க்கும் என்.பி.யிடமா?

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி., அதாவது மேற்படிப்பு படித்து, நோயைக் கண்டறிந்து மருந்துக்கும் பரிசோதனைக்கும் தாமே ஆர்டர் போடும் நர்ஸ்) படிப்புக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கடிதம் கேட்பார்கள். ஒன்று நர்ஸ் மேனேஜருடையது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கேட்டு வாங்கிவிட வேண்டியதுதான். (வேலை பார்த்த தேதிகளைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று சில மருத்துவமனைகளில் எச்.ஆர். கட்டுப்பாடு உண்டு. முன்பே விசாரித்துவிடுங்கள்.) குழப்பமெல்லாம் அடுத்த கடிதத்தில்தான். டாக்டரா, பழைய பேராசிரியரா, யூனிட்டில் இருக்கும் என்.பி.யா? நான் என்.பி.யிடம் வாங்கினேன். தங்கை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பேராசிரியர் கடிதம், படிப்பு முடித்து ஓரிரு வருடமே ஆனவர்களுக்குச் சரி. சில பல்கலைக்கழகங்கள் கட்டாயமாகவே கேட்கின்றன. ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். நம் கல்லூரிகளில் இந்தக் கடிதம் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரியே வரும்: படித்த ஆண்டு, ஒழுக்கமான மாணவி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள், கீழே வட்ட முத்திரை. சேர்க்கைக் குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது.

டாக்டர் கடிதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்தப் படிப்பையே 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கள் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும்தான். ஆனால் பெயருக்குப் பின்னால் 'எம்.டி.' இருந்தால் கடிதத்துக்குத் தனி மவுசு என்று நாம் நினைப்பது ஊர்ப்பழக்கம். படிவத்தின் தொடக்கத்திலேயே, இவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்று கேட்பார்கள். காலை ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டுப் போகிறவர் அங்கே என்ன எழுதுவார்? 'கடின உழைப்பாளி, எல்லோருடனும் அனுசரணையாகப் பழகுவார்.' எல்லா விண்ணப்பத்திலும் அதுதான் இருக்கும்.

நாம் யோசிப்பதை எழுதுகிறவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை வேறு எதுவும் இதற்கு அடுத்தபடிதான். இரவு ஷிஃப்டில் ஆபரேஷன் முடிந்த ஒரு நோயாளி. ஆக்ஸிஜன் 96, பிரஷர் பரவாயில்லை, மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 28. பதற்றம் என்று விட்டிருக்கலாம். என்.பி.யைக் கூப்பிட்டு, தொற்றாக இருக்குமோ, லாக்டேட் என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்றேன். செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை, ஆரம்பித்திருந்தது. கடிதத்தில் அவர் எழுதியது இதைத்தான். அனுப்பிய பிறகு அவராகவே காட்டினார். நான் லாக்டேட் கேட்டதை ஒரு வரியில் முடித்துவிட்டு, எதை வைத்துக் கேட்டேன் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். ஆர்டர் வாங்குகிற நர்ஸ் நாளை ஆர்டர் போடுகிறவராக மாற முடியுமா என்பதுதானே குழுவின் கேள்வி? அந்த மாற்றத்தைத் தானே கடந்து வந்தவருக்கு எதை எழுத வேண்டும் என்று தெரிகிறது.

நான் விண்ணப்பித்தது அக்யூட் கேர் பிரிவுக்கு, அதாவது மருத்துவமனையில் கடுமையான நோயாளிகளைப் பார்க்கும் பிரிவுக்கு. மனநலப் பிரிவுக்கோ குடும்ப மருத்துவப் பிரிவுக்கோ போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய கிளினிக்கில் நாள் முழுக்க ஒரே டாக்டருடன் வேலை பார்ப்பவருக்கு அந்த டாக்டரே சரியான ஆள்.

யாரிடம் கேட்டாலும் கடைசித் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். ரெஸ்யூமேயோடு, அவர் நேரில் பார்த்த ஓரிரண்டு கேஸையும் நோயாளியின் அடையாளம் இல்லாமல் நினைவுபடுத்தி எழுதிக் கொடுங்கள். நர்சிங்கேஸ் (NursingCAS) என்ற பொது விண்ணப்பத் தளத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். ஆம் என்று கொடுப்பதே வழக்கம், நானும் கொடுத்தேன். ஏற்றிய கடிதத்தைப் பிறகு மாற்ற முடியாது. கடிதம் எழுதுகிறவருக்குத் தளத்திலிருந்து போகும் மெயில் பல நேரம் ஸ்பேமில் கிடக்கும். இரண்டு நாளில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.