கதவு வலப்பக்கம் இருந்த ட்ரெய்லர்: ராமநாதபுரம் பக்கம் கேரவன் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு

போன மே மாதக் கடைசியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் ராமேஸ்வரம் கிளம்பினோம். லாட்ஜ் வேண்டாம், வண்டியிலேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, கடற்கரை கடற்கரையாகப் போகலாம் என்று ஆசை. கையை விட்டுப் போனது 32,000 ரூபாய். அம்மாவுக்கு முழங்கையில் அடி. ஆள் பெயரும் கடைப் பெயரும் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ராமநாதபுரத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு ஷெட். அதை நடத்துகிறவரிடம் இரண்டு வகை வண்டியும் உண்டு. ஒன்று, வேனையே வீடாக மாற்றிய மோட்டார் ஹோம்; டிரைவரோடு நாளைக்கு 11,000, டீசல் தனி. இன்னொன்று நம் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர்; நாளைக்கு 4,500. நான் போனில் கேட்ட முதல் கேள்வியே தப்பு. "எங்களுக்கு எது சரிப்படும்?" என்று விற்கிறவரிடமே கேட்டேன்.

"அண்ணே, மோட்டார் ஹோம்னா டீ குடிக்கப் போனாலும் வீட்டைத் தூக்கிட்டுத்தான் போகணும். கீழக்கரை சந்துக்குள்ள அது நுழையுமா? ட்ரெய்லர்னா கழட்டி ஒரு இடத்துல நிறுத்திட்டு, காரை எடுத்துட்டு ஊர் சுத்தலாம்" என்றார். இது பொய் இல்லை. அமெரிக்காவில் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் சொல்வதும் இதைத்தான். அங்கே பஸ் அளவில் ஏ வகை, வேன் அளவில் பி வகை, டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகை என்று மோட்டார் ஹோமிலேயே பிரிவுகள் உண்டு. இழுவையிலும் பந்துக் கொக்கியில் மாட்டுவது ஒன்று, பிக்கப் வண்டியின் முதுகிலேயே உட்காரும் ஐந்தாம் சக்கர வகை ஒன்று. ஆனால் அங்கே கழற்றி நிறுத்தும் முகாம்களில் பெரும்பாலும் கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் வண்டி நிற்கிற இடத்துக்கே வந்துவிடும். இங்கே எங்கே கழற்றுவது? கேட்டேன். "அரிச்சல்முனையிலயே நிறுத்துங்க, விடிகாலையில ரெண்டு கடலும் உங்க வாசல்ல" என்றார். பேச்சில் கிறங்கிப்போனேன். சாயங்காலத்துக்கு மேல் தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அந்த முனையில் போலீஸ் யாரையும் இருக்க விடாது என்பது இந்த மாவட்டத்துக்காரனான எனக்கே அப்போது நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் என்னைச் சாய்த்தது அம்மா விஷயம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ரொம்ப நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. "அம்மா பின்னால கட்டில்ல படுத்துக்கிட்டே வரலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணம் அனுப்பினேன்: வாடகை 13,500, காரில் கொக்கி மாட்ட 3,500, டெபாசிட் 15,000.

அவருடைய மோட்டார் ஹோம் அந்தத் தேதிகளில் வேறு ஒருவருக்கு ஏற்கெனவே போயிருந்தது என்பதை ஷெட்டில் வேலை பார்க்கும் பையன்தான் பிறகு சொன்னான். அரை மணி நேரம் அவர் எனக்கு அளந்த யோசனை எல்லாம் ஷெட்டில் சும்மா நின்று துருப்பிடிப்பதைத் தள்ளிவிடத்தான்.

நேரில் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேறு, நின்ற வண்டி வேறு. வெளிநாட்டு வீடியோ எதையோ பார்த்து இங்கேயே வெல்டிங் செய்து கட்டியது. எப்படித் தெரிந்தது என்றால், கதவு வலப்பக்கம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும், அதனால் இறங்கும் கதவு வலது ஓரம். நாம் இடது பக்கம் போகிறவர்கள். ஓரங்கட்டிக் கதவைத் திறந்தால் பிள்ளைகள் நேராக லாரி வரும் தடத்தில்தான் கால் வைக்க வேண்டும். அதைச் சொன்னதற்கு, "பாத்து இறங்கச் சொல்லுங்கண்ணே" என்றார். வெள்ளைப் பெயின்ட் புதுசாக இருந்தது. கீழே குனிந்து சட்டத்தைத் தொட்டால் துரு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. உப்புக்காற்றில் நிற்கிற இரும்பு வேறெப்படி இருக்கும்? அதற்குள் பிள்ளைகள் உள்ளே ஏறிக் கட்டிலில் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனசு வரவில்லை.

"தண்ணியில்லாத சீமைண்ணே, டாங்கியை ஃபுல்லா ரொப்பிக்கங்க" என்று அவரே ரொப்பிக் கொடுத்தார். 200 லிட்டர். டாங்கி இருந்தது அச்சுக்குப் பின்னால், வாலில்.

உச்சிப்புளிக்கு முன்னால் நடந்தது இது. அம்மா பின்னால் ட்ரெய்லர் கட்டிலில். 65 கிலோமீட்டர் வேகம் இருக்கும். வலப்பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கிறது. மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டு எங்களை முந்தியது. அது கடந்த நொடியில் பின்னால் யாரோ காரின் வாலைப் பிடித்து உலுக்கிய மாதிரி ஒரு இழுப்பு. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இடதும் வலதுமாக ஆட்டம் போடுகிறது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இரண்டு மடங்கானது. மனைவி "அத்தை, அத்தை" என்று கத்துகிறாள். காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தானாக வேகம் குறையட்டும் என்று விட்டபிறகுதான் அடங்கியது. அதுதான் சரியான முறையாம். அன்றைக்கு எனக்குத் தெரியாது, கால் செத்துப்போனதால் எடுத்தேன்.

கதவைத் திறந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம். "எய்யா, நான் ஒங்களோட காருலயே உக்காந்துக்கிறேன்" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பதிவில் இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் அதற்குத் தடை. அதில் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. படுத்துக்கொண்டோ உட்கார்ந்தோ வர வேண்டிய பெரியவர்கள் இருந்தால் மோட்டார் ஹோம்தான், அதிலும் ஓடும்போது பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வர வேண்டும்.

எதனால் ஆடியது என்பதை மாட்டுவண்டி ஓட்டிய எங்கள் பெரியப்பா கேட்டவுடனே சொல்லிவிட்டார்: "பின்பாரம்டா." வண்டியில் பாரம் பின்னால் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கேயும் அதே கதை. அமெரிக்கக் கணக்கில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். வாலில் 200 கிலோ தண்ணீரை வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்புறம் ஒரு லாரிக் காற்று போதும்.

தண்ணீரைச் சாலையோரத்திலேயே திறந்துவிட்டோம். கருவேல முள்ளுக்கு 200 லிட்டர் தண்ணீர், இந்த ஊரில். முப்பதில் உருட்டிக்கொண்டு அரியமான் போய், சவுக்குத் தோப்புப் பக்கம் தெரிந்தவர் இடத்தில் நிறுத்தினோம். ரிவர்ஸ் எடுக்க முக்கால் மணி நேரம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் போகும். நாலு மீன்பிடிக்காரர்கள் வந்து கொக்கியைக் கழற்றிக் கையால் தள்ளித்தான் உள்ளே விட்டார்கள்.

அடுத்தது ஏசி. "பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஓடும்" என்பது வாக்குறுதி. 28 நிமிஷத்தில் நின்றது. உள்ளே இருந்தது 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: 1,200 வாட் ஹவர். லெட் ஆசிட்டில் பாதிக்குமேல் எடுத்தால் பேட்டரி கெடும், ஆக 600. ஒரு டன் ஏசி ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். எட்டாம் வகுப்புக் கணக்கு. முன்பணம் கொடுக்குமுன் நான் போட்டிருக்கலாம். கொசுவுக்குப் பயந்து எல்லோரும் காரில் சாய்ந்து தூங்கினோம். மறுநாள் பாம்பன் பாலம், தனுஷ்கோடி எல்லாம் வெறும் காரிலேயே போய் வந்தோம். பாலத்தில் காற்று அடித்த வேகத்தைப் பார்த்து, அந்தப் பெட்டியை இங்கே இழுத்து வந்திருந்தால் என்ற நினைப்பிலேயே கையெல்லாம் வேர்த்தது.

திரும்பும்போது கரிமூட்டை லாரிகள் ஏறும் எடைமேடை ஒன்றில் நிறுத்தினோம். காரோடு சேர்த்து ஒருமுறை, காரை மட்டும் ஒருமுறை ஏற்றிக் கழித்தால், டாங்கி காலியாக இருக்கும்போதே ட்ரெய்லர் 1,180 கிலோ. அவர் சொன்னது 600. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். இதில் பிரேக்கே இல்லை, கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் இல்லை. என் கார் கையேட்டில் இழுவை எடை என்று எதுவும் போடவில்லை. அப்படியென்றால் அதில் எதையும் இழுக்க வேண்டாம் என்று அர்த்தம் என சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள்.

நம்பர் பிளேட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவருடைய ஜீப் நம்பரையே ட்ரெய்லரிலும் எழுதி வைத்திருந்தார், வெள்ளைப் பிளேட்டில். மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வாடகைக்குப் போகும் வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிப்போகும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் என்ன வண்டி, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது வந்துவிடும். அன்று மீன் லாரியில் உரசியிருந்தால் ஒரு பைசா கிடைத்திருக்காது என்று என் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்னார்.

ட்ரெய்லர் வகையே மோசம் என்று சொல்லமாட்டேன். ஒரே தோப்பில் நாலு நாள் தங்குகிறவர்களுக்கு, இழுவைக்கென்றே ஆன கார் இருந்தால், அது வசதிதான். தினம் ஒரு ஊர் என்றால் மோட்டார் ஹோம். சந்துகளுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பயணத்துக்கு இரண்டுமே தேவையில்லை, காரும் ஒரு ஹோம்ஸ்டேயும் போதும் என்பது என் மனைவியின் கட்சி. நான் எதிர்வாதம் செய்யும் நிலையில் இல்லை.

டெபாசிட்டைக் கேட்டபோது, தண்ணீரைத் திறந்துவிட்டதால் பம்ப் கெட்டுவிட்டது என்று 15,000-ஐயும் பிடித்துக்கொண்டார். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன். அதற்கப்புறம் 8,000 வந்தது, மீதிக்குப் பதில் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷ அவகாசம் உண்டு. நான் இப்போது குடியிருக்கும் மதுரையில் போடப்போகிறேன். எடைச்சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, அவர் அனுப்பிய படம், அம்மாவின் முழங்கைப் படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நேற்று ஒரு நண்பர் விளம்பரம் ஒன்றை அனுப்பி, "இதுவா பார்" என்றார். நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின்னணியில் பாம்பன் பாலம். கதவு அதே வலப்பக்கம்.