கேள்வி மேல் கேள்வி கேட்கும் பிரின்சிபலும் கூகுள் ஷீட்ஸும்: ஒரு கணக்கு டீச்சரின் விமர்சனம்

தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் சாக்பீஸ் டப்பாவிலிருந்து ரிவிஷன் டெஸ்ட் வரை எல்லாவற்றையும் தானே பார்த்தாகணும் என்று நிற்கிற பிரின்சிபலிடமோ தாளாளரிடமோ மாட்டியிருப்பவர்களுக்காக. கூகுள் ஷீட்ஸ் எல்லோருக்கும் தெரிந்த செயலிதான், காசு கிடையாது, ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். நாம் பெரும்பாலும் மார்க் லிஸ்ட் போடத்தான் அதைத் திறப்போம். நான் அதை வேறு ஒரு வேலைக்காகப் போன கல்வியாண்டு முழுக்க வைத்திருந்தேன்: மேலே இருப்பவர் கேட்பதற்கு முன்பே பதில் அவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

எங்கள் பள்ளி குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம், மெட்ரிக். பெயர் வேண்டாம். நான் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறேன். பிரின்சிபல் சார் உழைப்பாளி, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர், வேன் வந்து நிற்கும்முன் கேட்டில் நிற்பார். ஆனால் ஒரு வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து போக அவரால் முடியாது. முதல் பீரியட் முடியுமுன் "9 பி இயற்கணிதம் எதுவரை?" என்று வாட்ஸ்ஆப்பில் வரும். அதற்குப் பதில் போட்டால் "9 ஏ?" என்று வரும். சிசிடிவியில் பார்த்துவிட்டு போர்டில் தேதி எழுதவில்லை என்று ஆளனுப்புவார். பெற்றோருக்குப் போகிற இரண்டு வரி மெசேஜ்கூட அவர் படித்து ஓகே சொன்ன பிறகுதான் போகும். ஃப்ரீ பீரியடில் நோட்டு திருத்தலாம் என்று உட்கார்ந்தால், எத்தனை நோட்டு திருத்தியாச்சு என்று எண்ணிச் சொல்வதிலேயே அந்த பீரியட் போய்விடும், திருத்த வேண்டிய கட்டு அப்படியே வீட்டுக்கு வரும்.

வாட்ஸ்ஆப் இதற்குக் கொஞ்சமும் ஒத்துவராத இடம். தனி அரட்டையில் நீல டிக்கை அணைத்து வைக்கலாம், குழுவில் அது செல்லாது, யார் படித்தார்கள் என்பது மெசேஜை அனுப்பியவருக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி சோறு விளம்பும்போது தெரியாமல் திறந்துவிட்டால் "படிச்சீங்க, பதில் சொல்லலையே டீச்சர்" என்று அடுத்தது வந்து நிற்கும். மியூட் பண்ணினால் சத்தம் வராது, காலையில் அதே கேள்வி காத்திருக்கும். அதைவிடப் பெரிய தொந்தரவு, நேற்று சொன்ன பதில் இன்று குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்து போய்விடும், அதனால் சாருக்கும் மறுபடி கேட்பதைத் தவிர வழியில்லை.

ஒருநாள் ஆபீஸில் மார்க் லிஸ்ட் கொடுக்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. தாளாளர் போனில் இருந்தார். அவர் கேட்கிற ஒவ்வொன்றும் எங்களிடம் சார் கேட்கிற அதே கேள்வி. பத்தாம் வகுப்பு போர்ஷன் எங்கே நிற்கிறது, எந்த டீச்சர் பின்தங்கியிருக்கிறார், எத்தனை பேர் தேறுவார்கள். கையில் பதில் இல்லாமல் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்ற பயத்தில்தான் இந்த மனிதர் எங்களை விரட்டுகிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் ஷீட்.

அமைப்பு ரொம்ப எளிது. பத்தாம் வகுப்பு கணக்கில் எட்டுப் பாடம், உறவுகளும் சார்புகளும் தொடங்கி புள்ளியியலும் நிகழ்தகவும் வரை. ஒரு பாடத்துக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தாள். தொடங்கிய தேதி, முடிக்க நினைக்கும் தேதி, முடித்த தேதி, நோட்டு திருத்தியதற்கு ஒரு செக்பாக்ஸ், டெஸ்ட் வைத்த தேதி. கடைசியில் "போன பீரியட்", அதாவது லீவில் நடக்காமல் போன பீரியட், என்று ஒரு பத்தி. உண்மையில் என்னைக் காப்பாற்றியது இந்தக் கடைசிப் பத்திதான்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு, அதனால் ஜூன் ஜூலையிலும் மழை லீவு வரலாம், அக்டோபர் நவம்பரிலும் வரலாம். அதுபோக உள்ளூர் விடுமுறைகள்: டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசி 20 அய்யா வைகுண்டர் பிறந்தநாள், அப்புறம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை. கொடை மாசி கடைசிச் செவ்வாயில்தான் முடியும். செவ்வாய்க்கிழமை இரண்டு பீரியட் வைத்திருக்கிற பிரிவு அந்த வாரம் பின்னால் நிற்கும், மற்ற பிரிவு நிற்காது. ஈடுகட்டும் சனிக்கிழமையில் எந்த நாளின் டைம்டேபிள் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி அடைந்தாலும் அடையும், இன்னும் அகன்றாலும் அகலும். இதை வாயால் விளக்கினால் சாக்கு சொல்வதுபோல் இருக்கும். தேதியோடு எழுதி வைத்திருந்தால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. தாளாளர் போன் வந்தபோது சார் அந்தப் பத்தியைப் பார்த்தே பதில் சொன்னார் என்று ஆபீஸ் அக்கா சொன்னார்கள். அந்த வாரத்திலிருந்து காலை மெசேஜ் நன்றாகக் குறைந்தது.

அவரிடம் இதைக் கொண்டுபோன விதமும் முக்கியம். உங்கள் கேள்வி தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "சார், நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு எழுதிட்டு இருக்கீங்க, இதுல எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், தாளாளர் கேட்டா அப்படியே காட்டிடலாம், ஒரு மாசம் பாப்போமா?" என்றேன். ஒரு மாசம் என்று சொன்னதால் அவருக்கும் பாரமாகத் தெரியவில்லை. என் வகுப்புகளுக்கு மட்டும்தான் தொடங்கினேன். ஸ்டாஃப் ரூமில் "ஏன் டீச்சரே, நீங்களே கயிறு எடுத்துக் கொடுக்கீங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்குக் கீழே வருகிறேன்.

யாருக்கு என்ன அனுமதி என்பதை முதல் நாளே யோசித்து வையுங்கள். சாருக்கு முதலில் கமென்ட் போடும் அனுமதிதான் கொடுத்தேன். கேள்வி அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், நான் மதியம் மொத்தமாகப் பதில் எழுதி முடித்து வைப்பேன், அது அவருக்கு மெயிலிலும் போகும். பிறகு அவர் எடிட் அனுமதி வேண்டும் என்றார். மறுக்கவில்லை, அவருக்கென்று ஒரு பத்தி திறந்து, மற்ற பத்திகளை ப்ரொடெக்ட் பண்ணிவிட்டேன். தனக்கென்று ஒரு இடம் இருந்தது அவருக்குப் பிடித்துப்போனது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் கிடைக்கும், தேதி பற்றிப் பேச்சு வந்தால் அதைத் திறந்து காட்டினாலே போதும்.

நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் கவனம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே மெயில் வரும்படி சார் வைத்துக்கொண்டார், நான் ஒரு டிக் போட்டால் அவர் போன் அடித்தது, உடனே எனக்கு அழைப்பு வந்தது. அதை நாளுக்கு ஒரு தொகுப்பு மெயிலாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி.

போனில் பயன்படுத்துவது அவ்வளவு சுகமில்லை. பத்திகள் சின்னதாகத் தெரியும், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய தமிழ் டீச்சருக்குக் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வாய்ஸ் டைப்பிங்கில் தமிழ் போட்டுக் கொடுத்தேன், இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள். மலைப் பக்கத்திலிருந்து வருகிற, வீட்டில் சரியாக டவர் கிடைக்காத டீச்சருக்கு ஆஃப்லைனில் சேமிக்கும் வசதி நன்றாக வேலை செய்தது, பஸ் ஊருக்குள் வந்ததும் தானாக ஏறிவிடும்.

இனி அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். கண்காணிக்க ஒரு பலகை கிடைத்ததும் அதில் இன்னும் எழுதச் சொல்லும் ஆசை வரும். அரையாண்டுக்குப் பிறகு சார் புதுப் பத்திகள் கேட்கத் தொடங்கினார்: வகுப்புக்குள் நுழைந்த நேரம், கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகளின் பெயர், ஃப்ரீ பீரியடில் செய்த வேலை. ஸ்டாஃப் ரூமில் பயந்தது இதைத்தான். ஷீட்டில் இதைத் தடுக்க எந்த பட்டனும் கிடையாது, ஆட்கள்தான் பேசணும். ஸ்டாஃப் மீட்டிங்கில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தோம், புதிதாக ஒரு பத்தி வந்தால் பழையது ஒன்று போகணும், அல்லது அதே விவரத்தை எழுதும் ஒர்க் டன் ரிஜிஸ்டரை நிறுத்தணும். எமிஸ் (அரசின் பள்ளி விவரத் தளம்) வேலை, நோட்ஸ் ஆஃப் லெசன் (பாடக் குறிப்பு), ரிஜிஸ்டர், ஷீட் என்று ஒரே தகவலை நாலு இடத்தில் எழுத முடியாது என்று பட்டியலோடு காட்டினோம். ரிஜிஸ்டர் நின்றது. நுழைந்த நேரம் கேட்கும் பத்தி வரவில்லை. மற்ற இரண்டும் வந்தன, அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பயத்தில் கேட்கிற மேலதிகாரிக்குத்தான் இது மருந்து என்பதையும் சொல்லணும். வேறொரு பள்ளியில் என் தோழியின் ஹெச்.எம்., தேதி தாண்டினால் சிவப்பாகும்படி வைத்து, அந்தச் சிவப்பைப் புரொஜெக்டரில் போட்டு எல்லோர் முன்னிலும் திட்டினார். மட்டம் தட்டுவதே நோக்கமாக இருப்பவரிடம் ஷீட்டைக் கொண்டுபோகாதீர்கள், ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே வாய்மொழி உத்தரவுகளை "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி மெயிலில் உறுதிசெய்து வையுங்கள், தனியாகப் போகாமல் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். தூக்கம் கெட்டு ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு படபடக்கிற அளவுக்குப் போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். என் தோழி பேசினாள், அவளுக்கு உதவியது.

தொடங்குகிறவர்கள் மே மாதமே வடிவத்தை முடித்துவிடுங்கள், ஜூனில் நேரம் கிடைக்காது. பள்ளிக் கணக்கில் செய்யாமல் உங்கள் கணக்கில் உருவாக்கி அவர்களுக்குப் பகிருங்கள், ஆனால் பிள்ளைகளின் போன் எண், மார்க், வீட்டு விவரம் எதையும் அதில் ஏற்றாதீர்கள், பாடமும் தேதியும் மட்டும் இருக்கட்டும். வருஷம் முடிந்ததும் பழைய ஷீட்டை அழித்து எழுதாமல் நகலெடுத்துப் புதுசு தொடங்குங்கள். அடுத்த மாசி மாதம் எத்தனை பீரியட் போகும் என்று திட்டம் போட அந்தப் பழைய தேதிகள் வேண்டியிருக்கும்.