கடலடியில் நிலநடுக்கமானி: போட்டு எடுப்பதா, கேபிள் இழுப்பதா?

பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் இறக்குபவர்களைக் கேளுங்கள். இறக்குவது பெரிதில்லை, எடுப்பதுதான் பாடு என்பார்கள். கடலடியில் நிலநடுக்கம் அளப்பவர்களுக்கும் அதே தலைவலி. ஆழம்தான் இருபது மடங்கு வரை போகும்.

முதல் வழி, கப்பலிலிருந்து கருவியை அப்படியே போட்டுவிடுவது. வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும்; 6,000 மீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அங்கே அழுத்தம் நாம் நிற்கும் இடத்தைப்போல 600 மடங்கு. சீல் போன மோட்டாரைப் பார்த்த ஊருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பேட்டரி ஓராண்டு வரை தாங்கும். அப்புறம் கப்பல் திரும்பி வந்து ஒலிச் சைகை அனுப்பும். பல கருவிகளில், எடையைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் பாயும். உப்புத்தண்ணீரில் கம்பி அரித்து அறும். எடை அடியிலேயே கிடக்க, கருவி மிதந்து மேலே வரும். சிலது வராது. ஓராண்டுப் பதிவும் அதோடு போச்சு. நேரத்தைச் சரிபார்க்க உதவும் ஜிபிஎஸ் கடலுக்கடியில் எட்டாததால் கடிகாரமும் மெல்லப் பிசகும். மேலே வந்தபின் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, கேபிள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த நிலநடுக்கத்தின் அளவை முதலில் 7.9 என்றார்கள், உண்மையில் 9.0. மியாகி கடற்கரைக்கு முதலில் சொன்ன சுனாமி உயரம் 6 மீட்டர்தான். அதன்பிறகு 150 இடங்களில் கருவிகளைக் கோத்து, 5,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டார்கள். அதிர்வு உடனுக்குடன் கரைக்கு வந்துவிடுகிறது. செலவு பயங்கரம், ஓரிடத்தில் போட்டால் போட்டதுதான்.

ஏற்கெனவே கிடக்கும் கண்ணாடி இழை கேபிளில் லேசர் விட்டு, திரும்பும் ஒளியை வைத்து அதிர்வைப் பிடிக்கும் வழியும் உண்டு. மலிவாகத் தெரிகிறது, ஆனால் ஒரு முனையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குத்தான் பார்க்க முடிகிறது.

என் கட்சி இதுதான்: அந்தமான் பக்கத்துப் பிளவை ஆராய, போட்டு எடுக்கும் கருவி போதும். எச்சரிக்கை வேண்டுமென்றால் கேபிள்தான். ஓராண்டு கழித்து வரும் தகவல் யாரையும் கரையேற்றாது.

சரி, நமக்கு? 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர் நிலநடுக்கம் நம் காலடியிலேயே வந்தது. அதற்குத் தரைக் கருவியே போதும், பாறைமேல் வைத்தால். சோமனூரில் வைத்தால் தறிச் சத்தத்தைத்தான் பதிவு செய்யும்.