ராசாட கடுதாசி செத்துப்போன இரவு: 'பேஷன்ஸ்' பலகை விளையாட்டு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் பார்சல்காரப் பையன் பெட்டியை வைத்துவிட்டுப் போனபோதே ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொழும்பிலிருக்கும் கூட்டாளி ஒருவன் வெளிநாட்டிலிருந்து இந்த விளையாட்டில் இரண்டு பெட்டி வரவழைத்து, ஒன்றை என் தலையில் கட்டினான். 16,500 ரூபா. "இந்தக் காசுக்கு ஒரு அட்டைப் பெட்டியா?" என்று அம்மா கேட்டார். இதுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

'பேஷன்ஸ்' என்பது கப்பலின் பெயர். தமிழில் பொறுமை. அப்படியொரு கப்பல் உலகத்தில் ஓடியதில்லை, விளையாட்டுக்காகச் செய்த கற்பனைக் கப்பல்தான். அது பிரைவேட்டியர் வகை: தனியாள் முதல் போட்டு ஓட்டும் கப்பலுக்கு, "எதிரி நாட்டுக் கப்பல்களை மட்டும் நீ பிடிக்கலாம்" என்று அரசன் கடுதாசி எழுதிக் கொடுப்பான். கடுதாசி இருந்தால் அது சட்டப்படியான தொழில், இல்லையென்றால் கொள்ளை, தண்டனை தூக்கு. நான்கு முதல் ஆறு பேர்வரை ஆளுக்கொரு கப்பல்காரனாக இருந்து விளையாட வேண்டும். ஒருவர் கப்டன், ஒருவர் தச்சன், ஒருவர் பீரங்கிக்காரன், ஒருவர் சமையற்காரன். கப்பல் கடைசிவரை கடுதாசிக்குள் நிற்குமா, கொள்ளைக்குத் திரும்புமா என்பதை இந்த ஆட்கள்தான் தீர்மானிப்பார்கள்.

போன போயா (பௌர்ணமி) லீவில் நான், தங்கச்சி, சித்தியின் மகன், மாமா என்று நாலு பேர் இருந்தோம். மாமாவை நாங்கள் கூப்பிடவேயில்லை. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் 'கப்பல்' என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பி வந்துவிட்டார். சின்ன வயதில் நாவலடியில் கரைவலை இழுத்தவர், பிறகு வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகுகளில் பல வருசம் ஆழ்கடலுக்குப் போனவர். இங்கிலிஷ் அவ்வளவாக வராது. 36 பக்க விதிப்புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தின் அளவு மருந்துப் போத்தல் லேபிள்தான். வாசித்து முடிக்கவே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

இந்தப் பெட்டிக்குள் காசு பெறுகிற சாமான் கணக்குப் புத்தகம்தான். நான் டவுனில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவன், அதனால் இப்படிச் சொல்வதாக நினைக்கவேண்டாம். ஒரு கப்பலைப் பிடித்தவுடன் சரக்கைப் பங்குபோட விடமாட்டார்கள். துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிடித்தது எதிரிக் கப்பல்தானா என்று அங்கே ஒரு நீதிமன்றம் விசாரிக்கும், அதற்கு இரண்டு சுற்றுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்கும் சாப்பாட்டுச் செலவு கழியும். தீர்ப்பு நல்லதாக வந்தாலும் அரசனுக்குப் பத்திலொன்று போகும், முதலாளிக்குப் பாதிக்கு மேல் போகும், மிச்சம்தான் ஆட்களுக்கு. அதற்குள்ளும் கப்டனுக்கு ஐந்து பங்கு, சமையற்காரனுக்கு ஒன்று. இத்தனையையும் நீங்களே பென்சிலால் எழுதிக் கழிக்கவேண்டும். சித்தியின் மகனுக்கு இது சுத்த அலுப்பு. எனக்கும் மாமாவுக்கும் அப்படியில்லை.

விளையாட்டுத் தொடங்கும்போது ஆளுக்கொரு முற்பண அட்டை கிடைக்கும், அதை மற்றவர்களுக்குக் காட்டக்கூடாது. ஏறுவதற்கு முன் முதலாளியிடம் நீங்கள் வாங்கித் தின்ற கடன் அதில் எழுதியிருக்கும். மாமாவுக்கு வந்தது 40. அட்டையைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "என்னட பழைய முதலாளிக்கும் இதே கணக்குத்தான் மனே. எண்ணெய்க்காசு, ஐஸ்காசு, சாமான்காசு எல்லாம் கழிச்சு மிச்சத்தில பாதி படகுக்கு, பாதி எங்களுக்கு. மறுகா எங்கட பாதியில அட்வான்சக் கழிப்பான். நாலு தரம் நல்ல மீன் பட்டாலும் கடன் அப்பிடியேதான் நிக்கும். படகு மாறவும் ஏலா." இரகசிய அட்டையை எல்லோருக்கும் காட்டிவிட்டார் என்று தங்கச்சி சத்தம் போட்டாள். திரும்பக் கலைத்துக் கொடுத்தோம்.

ஏழாவது சுற்றில் சமாதான அட்டை புரண்டது. நிகழ்வுக் கட்டின் அடிப்பகுதியில் எங்கோ ஒளித்து வைக்கச் சொல்லும் ஒரேயொரு அட்டை அது. இரண்டு அரசர்களும் கைகொடுத்துக்கொண்டிருக்கும் அழகான படம். அது வந்தவுடன் பலகையின் நடுவில் இருக்கும் உரிமப் பத்திரத்தைக் கவிழ்த்துவைக்க வேண்டும். அதே கப்பல், அதே பீரங்கி, அதே ஆட்கள். ஆனால் நேற்றுப் பிடித்திருந்தால் பங்கு, இன்றைக்குப் பிடித்தால் தூக்கு. அந்த நேரத்தில் எங்களிடம் இருந்தது 3 பீப்பாய் மாவு. நாலு பேருக்கும் சேர்த்துக் கடன் 110. இரண்டு சதுரம் தள்ளி, யாருடையதென்று தெரியாத ஒரு வியாபாரக் கப்பல் பாய் சுருட்டிக்கொண்டு நிற்கிறது.

"ராசாட கடுதாசி செத்துப்போச்சு," என்றார் மாமா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மேலே மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைச் செய்தவனுக்குச் சரித்திரம் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவில் நீண்ட போரை முடித்துக்கொண்டு 1713இல் யூட்ரெக்ட் சமாதானம் வந்தபோது வேலை போன கப்பல்காரர்களில் பலர் கரீபியன் கடலில் கொள்ளைக்கு இறங்கினார்கள். அதற்கு முன்னர் 1694இல் ஸ்பெயினின் லா கொருன்யாத் துறைமுகத்தில் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் கட்டிக்கிடந்த 'சார்ல்ஸ் செகண்ட்' என்ற கப்பலை அதன் ஆட்களே பிடித்து, ஹென்றி எவரியைக் கப்டனாக்கி, பெயரை 'ஃபேன்சி' என்று மாற்றிக்கொண்டு இந்து சமுத்திரத்துக்கு வந்தார்கள். அடுத்த வருசம் ஔரங்கசீப்பின் பெரிய கப்பலையே கொள்ளையடித்தார்கள். வில்லியம் கிட்டின் கதை இன்னும் மோசம். அவரிடம் அரசன் கொடுத்த கடுதாசியே இருந்தது. 1698இல் அவர் பிடித்த கப்பலில், அவருடைய கடுதாசி பிடிக்கலாம் என்று சொன்ன பிரெஞ்சுக்காரர் கொடுத்த பாஸ் (பயண அனுமதிச் சீட்டு) இருந்தது, அதைக் காட்டினால் தப்பலாம் என்று நம்பியிருந்தார். லண்டனில் வழக்கு நடந்தபோது அந்தப் பாஸைக் காணவில்லை. 1701இல் தூக்கிலிட்டார்கள். முதல் தரம் கயிறு அறுந்தது, திரும்பவும் மாட்டினார்கள். பாஸ் இருபதாம் நூற்றாண்டில் ஆவணக் கட்டுகளுக்குள் இருந்து கிடைத்தது. கந்தோரில் ஃபைல் தேடி அலைந்த எவனுக்கும் கிட்டின் மேல் இரக்கம் வரும்.

சரி, வாக்கெடுப்புக்கு வருவோம். ஆளுக்கு ஒரு வெள்ளை மணி, ஒரு கறுப்பு மணி. துணிப்பைக்குள் இரகசியமாக ஒன்றைப் போடவேண்டும். கறுப்பு கூடினால் கப்பல் கொள்ளைக் கப்பல். எங்கள் பெட்டியில் கறுப்பு மணி ஆறுக்குப் பதில் இரண்டுதான் இருந்தது. விற்றவருக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. எனவே அம்மாவின் புளிச்சாடிக்குள் இருந்து கொட்டைகளை எடுத்து, பாதியைச் சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை உரசி வைத்துக்கொண்டோம். சின்ன வயதில் தாயம் விளையாடச் செய்ததைப் போலத்தான்.

பையை மாமா கையில் கொடுத்தோம். அவர் கொட்டக் கூடாது, குலுக்கிக் கொடுக்கத்தான் வேண்டும். குலுக்கும்போதே துணிக்கு வெளியிலிருந்து பெருவிரலால் ஒரு தடவு தடவினார். "மூணு கறுப்பு, ஒண்டு வெள்ளை. வெள்ளை போட்டது தங்கச்சி." கொட்டிப் பார்த்தால் சரி. உரசிய கொட்டை தட்டையாக இருக்கும், நாற்பது வருசம் வலைக்கண்ணைத் தடவித் தடவிப் பொத்தின விரலுக்கு அது தெரியாதா? ஆள் யாரென்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "அவளுக்குக் கடன் அஞ்சுதானே. கடன் இல்லாதவன் நல்லவனா இருக்கலாம்."

விதிப்புத்தகம் கறுப்பு மணிக்கு 'பேராசை' என்று பெயர் வைத்திருக்கிறது. மாமாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். கணக்குப் புத்தகத்தையும் முற்பண அட்டையையும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவன், வாக்குப் போடும் இடத்தில் மட்டும் ஆட்கள் காசுப்பேய் பிடித்துக் கெட்டார்கள் என்று ஏன் எழுதினான்? எங்கள் மேசையில் கறுப்புப் போட்ட மூன்று பேருக்கும் தேவைப்பட்டது கடனடைக்க 105. தங்கப்பெட்டியை ஒருவரும் கேட்கவில்லை.

கொள்ளைக்குத் திரும்பியபின் பலகையைப் புரட்டிப் போடவேண்டும், மறுபக்கம் கறுப்புக் கடல். படம் அருமை, விளையாட்டு தொய்ந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்துக்கு வேலையில்லை, தாயக்கட்டையை உருட்டுவதும் சண்டை பிடிப்பதும்தான். உண்மையில் கொள்ளைக்காரரும் கப்பலேறுமுன் பங்கு எப்படி என்று எழுதிக் கையெழுத்து வைத்தவர்கள்தான். கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்றும் எழுதியிருக்கும். அதையல்லவா இங்கே வைத்திருக்கவேண்டும்! எதிர்த்து வாக்களித்தவரைத் தீவில் இறக்கிவிடும் விதி அதைவிடக் கொடுமை. தங்கச்சி இறங்கி, மிச்ச நாற்பது நிமிசமும் சும்மா இருந்தாள். கடைசியில் எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து, கொள்ளைக்காரருக்குச் சீனியில்லை என்று வைத்தாள்.

வரைபடத்தில் இலங்கைத் தீவு மாங்கொட்டை மாதிரி இருக்கிறது, துறைமுகம் என்று திருகோணமலை மட்டும். மட்டக்களப்பு இல்லை. இந்த விளையாட்டுக்கு இது பெரிய குறைதான். 1602இல் டச்சுக்காரன் ஸ்பில்பேர்கன் வந்து நங்கூரம் போட்டது இங்கேதான். அடுத்த வருசம் வந்த இன்னொரு டச்சுக்காரன் செபால்ட் டி வேர்ட் போர்த்துக்கீசக் கப்பல்களைப் பிடித்துவிட்டு, அதிலிருந்த ஆட்களைத் தன்பாட்டில் போகவிட்டான். அவனோடு கூட்டுச் சேர்ந்திருந்த கண்டி அரசன் விமலதர்மசூரியனுக்குக் கோபம் வந்து, அது வாக்குவாதமாகி, டி வேர்ட் தன் ஆட்களோடு மட்டக்களப்பிலேயே கொலையுண்டான். பிடித்த கப்பல் யாருக்கு, பிடித்த ஆளை விடுகிற உரிமை யாருக்கு என்பதற்கு இதைவிட நல்ல நிகழ்வு அட்டை கிடைக்குமா? கதையைச் சொன்னதும் மாமா என் பேனையை வாங்கி, திருகோணமலைக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். முகத்துவாரம் சரியாக எந்த வளைவில் என்று கொஞ்சம் யோசித்துத்தான் வைத்தார். 16,500 ரூபாப் பலகையில் பேனை மை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்குகிறவர்களுக்கு: அட்டைகள் நல்ல தடிப்பு, ஆனால் கடற்காற்றுக்கு இரண்டு கிழமையில் வளைகின்றன. பிளாஸ்ரிக் பெட்டியில் அரிசியோடு போட்டு மூடிவைத்தால் சமாளிக்கலாம். ஆறு பேர் சேர்ந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும், நாலு பேர் அளவு. பத்து வயதுக்கு மேல் என்று பெட்டியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குப் பழக்க வேண்டுமானால் சரி, இல்லாவிட்டால் பதினாலு என்று வையுங்கள். முழு விலைக்கு நான் திரும்ப வாங்கமாட்டேன். யாராவது பாதி விலைக்குக் கைமாற்றினால், முதல் பாதிக்காகவே வாங்கலாம். இரண்டாம் பாதிக்கு நாங்களே விதி எழுதுகிறோம்; காயம்பட்டவனுக்குப் பங்கு எவ்வளவு என்பதில் மாமாவும் சித்தியின் மகனும் இன்னும் ஒத்துவரவில்லை.

அடுத்த போயாவுக்குத் திரும்பப் போடுகிறோம். புளியங்கொட்டை எதையும் இந்தத் தரம் உரசவில்லை. பாதிக்கு வெள்ளைப் பெயின்ற், பாதிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து யன்னல் கட்டில் காயவைத்திருக்கிறேன். மாமா போகிற வருகிற நேரமெல்லாம் ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு வைக்கிறார்.