ஏழு வடிகட்டிகளும் ஒரு கைத்தாளமும்

பழைய சீடி பிளேயரோடு இணைப்பதற்காக வாங்கிய இந்தச் சிறிய டாக் (DAC, டிஜிட்டல் தரவை ஒலி சமிக்ஞையாக மாற்றும்) கருவி, கொடுத்த காசுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் இதில் ஏழு டிஜிட்டல் வடிகட்டிகள் இருக்கின்றன என்று சொல்லி யாராவது விலையைக் கூட்டினால் கொடுக்காதீர்கள்.

உள்ளே இருப்பது ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் ஈஎஸ்9038கியூ2எம் சில்லு. அந்த ஏழும் சில்லோடு கூடவே வருபவை. போதாக்குறைக்கு, திரையில் 1 முதல் 7 வரை வெறும் எண்கள்தான் தெரிகின்றன. எந்த எண் என்ன செய்யும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டபிறகே பட்டியல் கிடைத்தது. வாங்குபவரை மதிக்கும் வேலையல்ல இது.

இறுவட்டில் (சீடியில்) ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்திருக்கிறது. ஆகவே 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் இசை கிடையாது. அங்கே எழுபவை, மாதிரிகளை மீண்டும் ஒலியாக்கும்போது உண்டாகும் போலிகள். காது கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை இசையைத் தொடாமல், அதற்குப் பிறகுள்ள ஒடுங்கிய இடத்துக்குள் அந்தப் போலிகளை வெட்டுவதே வடிகட்டியின் வேலை. 1982இல் வந்த சோனி சிடிபி-101 பிளேயர், செங்குத்தான அனலாக் வடிகட்டியால் வெட்டியது. பிலிப்ஸ் நிறுவனமோ மாதிரிகளின் வீதத்தை நான்கு மடங்காக்கி, 176.4 கிலோஹெர்ட்ஸில் டிஜிட்டல் வடிகட்டியிடம் வேலையின் பெரும்பகுதியை ஒப்படைத்தது. அதன் பின்னால் மென்மையான அனலாக் வடிகட்டியே போதுமானதாயிற்று. இன்றைய சில்லுகள் நடப்பதும் அந்த வழியில்தான்.

நான் போட்டுக் கேட்டது ஒரு நாதஸ்வர இறுவட்டு. சில வடிகட்டிகளில் தவிலின் அடி விழுவதற்குச் சற்று முன்னரே ஒரு நுண்ணதிர்வு தொடங்கிவிடும். வேறு சிலவற்றில் அது முழுவதும் அடிக்குப் பின்னால் தள்ளப்படும். இதைப் பெரிய விடயமாக்குகிறார்கள். அந்த அதிர்வோ 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. கூடு மாட்டிய விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் வெடிப்பை மாற்றி மாற்றிக் கேட்டேன். என் காதுக்கு எந்த வேறுபாடும் இல்லை.

மெதுவாகச் சரியும் வடிகட்டியின் கதை வேறு. அது 20 கிலோஹெர்ட்ஸ் வருமுன்னரே ஒலியைத் தாழ்த்தத் தொடங்குகிறது. ஹெட்ஃபோனில், கைத்தாளம் தட்டியதும் நீளும் கார்வையின் மேல் மினுக்கம் மங்கிப்போகிறது. பதினாறு வயதான அக்கா மகள் திரையைப் பார்க்காமலே, "மாமா, இதில் தாளம் கூர்மையில்லை" என்றாள். இளம் காது அதை உடனே பிடித்துவிடுகிறது. தாளம் கேட்பவர்கள் அந்த எண்ணை விட்டுவிடலாம். விரைவாக வெட்டும் வடிகட்டியில் வைத்துவிட்டு மெனுவை மறந்துவிட்டேன்.

ஏழு வடிகட்டிகளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பின்புறத்திலுள்ள ஒளியிழை உள்ளீடு. உப்புவெளியில் கடலை ஒட்டிய வீடுகளில் செம்பும் பித்தளையும் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். என் பழைய செருகிகள் அப்படித்தான் கெட்டன. ஒளியிழையில் சமிக்ஞையைக் கடத்துவது உலோகமல்ல, ஒளி. திருகோணமலையில் இதை வாங்குபவர்கள், பிளேயரில் ஒளியிழை வெளியீடு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.