கல்யாணக் கேசட்டுகளை டிஜிட்டலாக்குதல்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டு வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என எல்லாமே எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எடுத்தவை. அந்தக் கோப்புகளை வெட்டி, தொகுத்து, உறவினர்களுக்குக் கொடுத்துப் பழகியபின் என் முடிவு இதுதான்: செலவழிக்க வேண்டியது மென்பொருளுக்கு அல்ல, கேசட்டை ஓட்டும் டெக்குக்கு.

டேப்பிலிருந்து வரும் படத்தின் வரிகள் இம்மியளவு முன்பின்னாகவே வந்து சேரும். பந்தல் காலும் கதவு நிலையும் நெளிவது அதனால்தான். டைம் பேஸ் கரெக்டர் உள்ள எஸ்-வி.எச்.எஸ். டெக் அந்த வரிகளை நேராக்கி அனுப்பும். நெளிந்தபடியே பதிவாகிவிட்ட படத்தைப் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டதால், பழைய டெக்தான் வாங்க வேண்டும். வாங்குமுன் வேண்டாத கேசட் ஒன்றை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். இணைப்புக்கு எஸ்-வீடியோ ஒயர் நல்லது. மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் கலந்து வருவதால் சிவப்புப் பட்டுப்புடவையின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்கின்றன.

கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே டேப் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சாதாரணம். அப்படியே டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றை நான் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தேன்.

கணினியில் பதிவு செய்ய விர்ச்சுவல்டப் என்ற மென்பொருள் போதும். விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கையை அது ஓட ஓடக் காட்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், மூன்று மணி நேரக் கேசட்டின் முடிவில் கெட்டிமேளம் ஒரு பக்கமும் தாலி கட்டுவது ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும்.

மூலப் பிரதியை எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாத வடிவில் வைத்திருக்கிறேன். 720×576 அளவில் சுருக்காத படம் மணிக்கு ஏறத்தாழ 75 ஜி.பி. பிடிக்கும், இதில் அதன் பாதிக்குள் அடங்குகிறது. படத்தின் அடியில் துடிக்கும் கோடுகளைக்கூட இந்தப் பிரதியில் வெட்டுவதில்லை.

எடிட்டிங்கில்தான் இதன் அருமை புரிந்தது. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) படத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைக் கொண்ட அரைப்படங்கள் நொடிக்கு 50 இருக்கின்றன. முன்பு ஒரு கடையில் மாற்றிக் கொடுத்த டிவிடியில் அவற்றை 25 ஆகக் கலந்திருந்தார்கள். போதாக்குறைக்குப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கியும் இருந்தார்கள். அதில் அட்சதை விழுவது வெறும் வெள்ளைப் புகையாகத் தெரியும். அதே காட்சியை மூலத்திலிருந்து, அரைப்படங்களை முழுப்படமாக்கும் க்யூ.டி.ஜி.எம்.சி. என்ற நிரல் வழியாக நொடிக்கு 50 முழுப்படங்களாக விரித்தபோது, அரிசி தனித்தனியாக விழுவதும், பின்வரிசையில் பாட்டி கையை உயர்த்தித் தூவுவதும் தெளிவாகத் தெரிந்தன. அவரது அசையும் படம் எங்களிடம் வேறு இல்லை. அந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு உழைப்பும் தகும்.

தொகுப்பை கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறேன். கல்யாண வீடியோக்காரர்கள் நாதஸ்வரத்தை அழித்து அதன்மேல் சினிமாப் பாட்டைச் சேர்த்த இடங்களுக்கு விமோசனம் இல்லை. பாட்டைப் பிரித்தெடுத்தாலும் அடியில் எதுவும் மிஞ்சவில்லை. பார்ப்பதற்கான பிரதியை எச்.264 வடிவில், 4:3 விகிதம் மாறாமல் தருகிறேன்.

சேமிப்பு: இரண்டு ஹார்டு டிஸ்க் வீட்டில், ஒன்று வெளியூரில் தம்பியிடம். ஒவ்வொரு கோப்புக்கும், உள்ளே எது மாறினாலும் தானும் மாறிவிடும் ஷா-256 என்ற சோதனை எண்ணை எழுதிவைத்து அவ்வப்போது ஒப்பிடுகிறேன். ஒருமுறை ஒரு டிஸ்கில் இருந்த காதுகுத்துக் கோப்பின் எண் மாறியிருந்தது. எஃப்.எஃப்.வி.1 பிரேமுக்குள்ளேயே சோதனை எண்களை வைத்திருப்பதால் கெட்ட இடத்தையே காட்டிக்கொடுத்தது. அடுத்த டிஸ்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்து மாற்றிவிட்டேன். டிவிடியை நம்பி இருந்தவர்கள் அதையும் சீக்கிரம் நகலெடுத்துவிடுவது நல்லது.

கேசட்டுகளைத் தூக்கி எறியவில்லை. டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூலச் சமிக்ஞையையே பதிவு செய்து, படமாக்கும் வேலை முழுவதையும் கணினியில் செய்யும் வி.எச்.எஸ்.-டிகோட் என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. டெக்கைத் திறந்து பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவர் துணையுடன் அடுத்து அதைத்தான் தொடங்கப்போகிறேன், முதலில் அந்தக் கல்யாணக் கேசட்டிலிருந்து.