ஹேட்ரியன் சுவர் சைக்கிள் பேக்கேஜ்: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோரமாக நான்கு நாள் சைக்கிள் பயணம். தங்குமிடம், வாடகை சைக்கிள், ஜிபிஎஸ் வழித்தடம், "எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து" ஒரே விலை. ஆறு பேர் வாங்கி ஏமாந்தோம். நிறுவனத்தின் பெயரை விடுங்கள், எங்கெங்கே கோளாறு என்பதைப் பாருங்கள்.

"சுவர் பாதையிலேயே ஓட்டலாம்" என்பது முதல் பொய். 84 மைல் நீளமுள்ள அந்தப் பாதை நடப்பவர்களுக்கானது. நியூகாசில் பக்கத்து ஆற்றோரத் துண்டுகள் போன்ற சில இடங்களைத் தவிர சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. வேலிக்கு வேலி ஏணிப்படி வேறு. சைக்கிளுக்கு உரியது 72ஆம் எண் தேசிய வழி. ரேவன்கிளாஸிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் வரை சுமார் 170 மைல் ஓடும் இது, பல இடங்களில் சுவரை விட்டு விலகித்தான் போகும். விளம்பர அட்டையில் சுவரோரத்தின் பிரபலமான சிகமோர் கேப் மரம் கம்பீரமாக நிற்கிறது. அந்த மரத்தை 2023 செப்டம்பரிலேயே வெட்டிவிட்டார்கள்!

ஆபத்தானது வழித்தடக் கோப்புதான். கிரீன்ஹெட்டுக்குக் கிழக்கே பி6318 சாலையில் ஏற்றிவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டு ராணுவச் சாலை அது, கிழக்கே பல மைலுக்குச் சுவரையே இடித்துப் பரப்பிப் போட்டது. நேர்கோடாக ஏறி இறங்கும், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது, கார்கள் 60 மைல் வேகத்தில் வரும். 72ஆம் வழியோ ஹால்ட்விசில், மெல்க்ரிட்ஜ், விண்டோலாண்டா (ரோமானியக் கோட்டை), நியூபரோ, ஃபோர்ஸ்டோன்ஸ், ஹெக்ஸம் என்று சிறு சாலைகளில் போகிறது. கோப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பிரிட்டனின் தேசிய வரைபடமான ஆர்டனன்ஸ் சர்வேயில் ஏற்றி ஒப்பிடுங்கள். தர மறுத்தால் அந்தப் பேக்கேஜே வேண்டாம்.

திசையையும் கேளுங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அதனால் கார்லைலில் தொடங்கிக் கிழக்கே போவதுதான் முறை. இவர்கள் கிடங்கு நியூகாசிலில் இருப்பதால் எதிர்காற்றில் அனுப்பினார்கள்.

கட்டண விஷயம்தான் அப்பட்டமான மோசடி. ஹெக்ஸம் அபேக்கும் கார்பிரிட்ஜ் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கும் கட்டணம் போட்டிருந்தார்கள். இரண்டிலும் நுழைவு இலவசம், விருப்பமிருந்தால் காணிக்கை. ஹெக்ஸமில் பிஷப் வில்ஃபிரிட் 674 வாக்கில் ரோமானியக் கற்களால் கட்டிய நிலவறைக்குப் படியிறங்கலாம், ஆனால் அது நாள் முழுவதும் திறந்திருக்காது, நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கார்பிரிட்ஜில் கோபுரத்துக்கடியில் இருக்கும் வளைவு, பக்கத்து ரோமானிய ஊரிலிருந்து பெயர்த்து வந்தது. லானர்காஸ்ட்டில் வழிபாடு நடக்கும் தேவாலயத்துக்குப் பணம் வேண்டாம், இடிந்த மடாலயப் பகுதிக்கு மட்டும், பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் கட்டணம். "ஒரே பாஸில் எல்லாம்" என்றதும் விண்டோலாண்டாவில் செல்லவில்லை. அது தனி அறக்கட்டளைக்குச் சொந்தம், ஹெரிட்டேஜ் உறுப்பினர் அட்டையைக் காட்டினாலும் இலவசம் இல்லை.

சைக்கிள்கள் 28 மி.மீ. டயரோடு வந்தன. சரளைப் பகுதியில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். 38 மி.மீ. அல்லது 40 மி.மீ. கேளுங்கள், 75 கிலோ ஆளுக்கு 45 முதல் 50 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னே பெரியதில் 28 பல் என்ற கியரில் பை மாட்டிக்கொண்டு விண்டோலாண்டா மேடு ஏற முடியாது. பின்னே 34 பல்லுக்குக் குறையாமல் இருக்கட்டும். டிஸ்க் பிரேக் பேட் தகட்டோடு சேர்த்து 3 மி.மீ.க்கும் கீழே தேய்ந்திருந்தால் வாங்காதீர்கள். ஈரமணல் பட்டால் பேட் வெகு சீக்கிரம் கரையும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்கு எங்கள் டெபாசிட்டில் பிடித்தார்கள்.

"திரும்புவது ரயிலில்" என்ற வரியும் வலைதான். கார்லைல்–நியூகாசில் தடத்தில் நார்தர்ன் நிறுவன ரயில் ஒன்றுக்கு இரண்டு சைக்கிள்தான், முன்பதிவு கிடையாது. ஆறு பேர் என்றால் குறைந்தது மூன்று ரயில்.

குறையைப் பயணத்தின்போதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். தங்குமிடமும் பயணச் சேவையும் ஒரே விலையில் விற்றால், 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி துணை ஒப்பந்ததாரரின் தவறுக்கும் விற்றவரே பொறுப்பு. பணத்தை டெபிட் கார்டில் கட்டாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையிலான விலைக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. எங்கள் கோரிக்கை இப்போது அந்த வங்கியிடம்தான் இருக்கிறது.